சுரங்கம் ஓய்ந்தது, கடற்கரை எழுந்தது: கார்ன்வால் சுற்றுலா நாடான வரலாறு

முன்னுரை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வால், அந்நாட்டவர் விடுமுறைக்கு விரும்பிச் செல்லும் கடலோர மாவட்டம். செயின்ட் ஐவ்ஸ், போல்பெரோ, மவுஸல், போர்ட் ஐசக், பேட்ஸ்டோ போன்ற ஊர்களின் குறுகிய சந்துகளும் சிறு துறைமுகங்களும் கருங்கல் வீடுகளும் பயணிகளை ஈர்க்கின்றன. தொழிற்புரட்சியின் புகை தீண்டாத பழமை இங்கே அப்படியே எஞ்சியிருக்கிறது என்ற எண்ணம் அந்த ஈர்ப்புக்குப் பின்னால் இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். தொழிற்புரட்சியில் முன்னணியில் நின்ற பகுதிகளுள் ஒன்று கார்ன்வால். அதன் தொழில்கள் சரிந்து, மக்கள் வெளியேறி, ஊர்கள் ஓய்ந்த பிறகுதான் அது அழகிய, அமைதியான, பழமையான நிலமாகப் பயணிகளுக்குக் காட்டப்பட்டது. இந்த மாற்றம் பெரும்பாலும் 1859க்கும் 1904க்கும் இடையில் நிகழ்ந்தது.

முந்தைய பயணிகள் கண்டது

இப்பகுதிக்கு வெளியூர்ப் பயணிகள் வருவது புதிதல்ல. 1698இல் குதிரையில் இங்கிலாந்தைச் சுற்றிவந்த சீலியா ஃபைன்ஸ் கார்ன்வாலுக்கும் வந்தார். வெள்ளீயம் தோண்டுவதையும் உருக்குவதையும் அவர் கவனமாகப் பார்த்து எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகச் செம்பு உற்பத்தியில் கார்ன்வால் முதன்மை இடத்தில் இருந்தது. உயர் அழுத்த நீராவி எஞ்சினை உருவாக்கிய ரிச்சர்ட் டிரெவிதிக் இம்மண்ணில் பிறந்தவர். சுரங்கங்களில் ஊறும் நீரை வெளியேற்றியாக வேண்டிய தேவையே அவரைப் போன்றவர்களை எஞ்சின்களோடு மல்லுக்கட்ட வைத்தது. எனவே அக்காலத்தில் கார்ன்வாலைப் பார்க்க வந்தவர்கள் எந்திரத்தையும் பார்க்கவே வந்தார்கள்.

இதற்குச் சிறந்த சான்று பொட்டாலக். மேற்குக் கரையில் கடலை ஒட்டிய செங்குத்துப் பாறைகளின் மேல் அதன் எஞ்சின் கூடங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியிலிருந்து சுரங்கப் பாதைகள் கடலடித் தரைக்குக் கீழே நெடுந்தூரம் சென்றன. நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் 1850இல் இப்பகுதியில் நடந்து திரிந்து, மறு ஆண்டே ஒரு பயண நூலை வெளியிட்டார். அதில் பொட்டாலக் சுரங்கத்துக்குள் இறங்கியதையும், தலைக்கு மேல் கடல் புரளும் ஓசையைக் கேட்டதையும் விரிவாக எழுதியிருக்கிறார். 1865இல் வேல்ஸ் இளவரசரும் அவர் மனைவியும் அதே சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தனர். அன்றைய பயணிக்குக் கடலும் சுரங்கமும் ஒரே காட்சியாக இருந்தன. புகையும் இரைச்சலும் அழகுக்கு இடையூறு என்று இவர்கள் முகம் திருப்பிக்கொள்ளவில்லை.

தொழில்களின் வீழ்ச்சி

அரச குடும்பத்தினர் வந்துபோன மறு ஆண்டே நிலைமை மாறியது. சிலியிலும் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்த மலிவான செம்போடு கார்ன்வாலின் ஆழமான, செலவு மிகுந்த சுரங்கங்களால் போட்டியிட முடியவில்லை. 1866இல் விலை சரிந்ததோடு லண்டனில் நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, செம்புச் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. வெள்ளீயம் சிறிது காலம் தாக்குப்பிடித்தது. ஆஸ்திரேலியாவும் மலாயாவும் சந்தைக்கு வந்தபின் அதுவும் தளர்ந்தது. 1861இல் ஏறத்தாழ 3,69,000ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் ஏறத்தாழ 3,22,000ஆகக் குறைந்தது. இங்கிலாந்தின் மக்கள்தொகை வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் நேர்ந்த வீழ்ச்சி இது.

வெளியேறியவர்கள் சுரங்கம் இருந்த இடமெல்லாம் சென்றார்கள். தென் ஆஸ்திரேலியா, மெக்சிகோ, மிச்சிகன், தென்னாப்பிரிக்கா என்று நீளும் அப்பட்டியலில் தமிழர் அறிந்த ஓர் ஊரும் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலார் தங்க வயலில் கால்பதித்தபின், மேற்பார்வைக்கும் நுட்ப வேலைக்கும் கார்ன்வால் சுரங்கத்தார் அங்கே வந்து சேர்ந்தனர். அவர்களின் கீழ் ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பான்மையினர் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சென்ற தொழிலாளர்கள். கார்ன்வாலின் கடலோரக் கிராமங்கள் ஓய்ந்ததற்கும் கோலாரில் குழிகள் ஆழமானதற்கும் இடையே இப்படி நேரடித் தொடர்பு உண்டு.

கடலிலும் இதே கதைதான். பில்ச்சர்ட் எனப்படும் மத்தி இன மீனை உப்பிட்டு, அழுத்தி எண்ணெய் பிழிந்து, பீப்பாய்களில் அடைத்து இத்தாலிக்கு அனுப்புவது கார்ன்வாலின் பெருந்தொழிலாக இருந்தது. குன்றின் மேல் நிற்கும் காவலாள் நீரின் நிறமாற்றத்தை வைத்து மீன்கூட்டத்தை அறிந்து குரல் கொடுப்பார். கீழே படகுகள் அவர் சைகைப்படி வலையை வளைக்கும். நியூக்கீயில் அக்காவலாளின் வெள்ளைக் குடில் இன்றும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வளைவலைத் தொழில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. குடில் மட்டும் பயணிகள் படம்பிடிக்கும் பொருளாக மிஞ்சியது.

ரயிலும் விளம்பரமும்

பொறியாளர் புருனெல் வடிவமைத்த ராயல் ஆல்பர்ட் பாலம் 1859 மே மாதம் டேமர் ஆற்றின் மேல் திறக்கப்பட்டு, கார்ன்வாலை இங்கிலாந்தின் ரயில் வலையோடு இணைத்தது. ஆயினும் உடனே பயணிகள் கூட்டம் வந்து குவியவில்லை. மீனும் காய்கறியும் பூக்களும் லண்டன் சந்தைக்குப் போகவே அந்தப் பாதை பெரிதும் உதவியது. நியூக்கீக்குச் சென்ற பாதை கனிமம் ஏற்றுவதற்காகப் போடப்பட்டது. பயணி ரயில் அதில் 1876இல்தான் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு செயின்ட் ஐவ்ஸ் கிளைப் பாதை திறக்கப்பட்டது. 1878இல் அவ்வூரின் டிரெஜென்னா கோட்டையை கிரேட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனம் குத்தகைக்கு எடுத்து விடுதியாக்கியது. தொழில் சரியச் சரிய ரயிலுக்கு வேறு வருமானம் தேவைப்பட்டது என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

சுற்றுலாவைத் தேர்ந்ததில் உள்ளூர் அறிவாளர்களுக்கும் பங்குண்டு. 1898–99இல் கார்னிஷ் மேகசின் இதழை நடத்திய எழுத்தாளர் ஆர்தர் குவில்லர்-கூச், கார்ன்வாலை விடுமுறைத் தலமாக வளர்ப்பது பற்றி அதில் ஒரு விவாதத்தையே நடத்தினார். அவருக்கு இதில் முழு மனநிறைவு இல்லை. சுரங்கமும் மீன்பிடிப்பும் கைவிட்ட மக்கள் பிழைக்க வேறு வழி தெரியாததாலேயே அவர் தயக்கத்தோடு உடன்பட்டார்.

அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. நியூக்கீயில் கடல்முனை மேட்டில் ஹெட்லண்ட் ஓட்டல் எழத் தொடங்கியபோது, அந்த நிலம் தாங்கள் வலை உலர்த்தும் பொது இடம் என்று மீனவர்கள் எதிர்த்தனர். 1897இல் எதிர்ப்பு கலவரமாக முற்றியது. ஆனாலும் 1900இல் ஓட்டல் திறக்கப்பட்டது. அதன் கட்டடக் கலைஞர் சில்வானஸ் டிரிவெயில், டிண்டாஜெல் பாறை முனையிலும் 1899இல் ஆர்தர் மன்னரின் பெயரில் ஓர் ஓட்டலை எழுப்பியிருந்தார். டிரெவெனா என்று வழங்கிய அவ்வூரே அடுத்த ஆண்டு முதல் அஞ்சல் துறையின் பதிவில் டிண்டாஜெல் ஆயிற்று. அங்குள்ள கோட்டை, ஆர்தர் கதையை அவ்விடத்தோடு இணைத்த பன்னிரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜெஃப்ரிக்குப் பிந்தியது. கார்ன்வால் பிரபு ரிச்சர்ட் 1230களில் கட்டியது.

1904 ஜூலையில் லண்டனிலிருந்து கார்னிஷ் ரிவியெரா எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அதே பெயரில் வழிகாட்டி நூல் ஒன்றையும் ரயில் நிறுவனம் வெளியிட்டது. தொடர்ந்து வந்த ஒரு சுவரொட்டி கார்ன்வால், இத்தாலி இரண்டின் வரைபடங்களையும் அருகருகே வைத்து, இரண்டும் வடிவத்திலும் தட்பவெப்பத்திலும் ஒத்தவை என்றது. அதே 1904இல் ஹென்றி ஜென்னர் கார்னிஷ் மொழிக்கான கைந்நூலை வெளியிட்டார். மொழி மீட்பு இயக்கமும் ரயில் விளம்பரமும் வெவ்வேறு நோக்கம் கொண்டவை. எனினும் இரண்டும் அண்மைத் தொழில் வரலாற்றைத் தாண்டித் தொன்மையை நோக்கியே கை நீட்டின.

ஓவியம் காட்டியதும் மறைத்ததும்

1880களில் நியூலினில் ஓவியர்கள் குடியேறினர். 1884இல் வந்த ஸ்டான்ஹோப் ஃபோர்ப்ஸ் மறு ஆண்டு வரைந்த மீன் ஏலக் காட்சி அவ்வூரை நாடறியச் செய்தது. ஈர மணலில் பரப்பிய மீன்களும் கூடைகளும் நிற்கும் பெண்களும் அதில் உண்மையாகவே வரையப்பட்டிருக்கின்றன. உழைப்பை ஓவியர்கள் மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவ்வுழைப்பின் நெருக்கடி அவர்களின் படங்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. 1896 மே மாதம் நியூலின் மீனவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் மீன்பிடித்த கிழக்குக் கரைப் படகுகளில் ஏறி மீன்களைக் கடலில் கொட்டினர். அரசு படையை அனுப்பியது. சமய நம்பிக்கையோடு சந்தைப் போட்டியும் கலந்த அந்தப் போராட்டத்தைக் கண்ட நியூலினும், ஓவியக் கண்காட்சிகளில் அமைதி தவழ்ந்த நியூலினும் ஒரே ஊர்தான்.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, கடற்கரையின் அழகு இயற்கையானது, அதற்குத் தொழில் வீழ்ச்சி தேவையில்லை என்பது. 1811இலேயே ஓவியர் டர்னர் இங்கே வந்திருக்கிறார். பாறையையும் கடலையும் யாரும் உருவாக்கவில்லை என்பது சரியே. எதைக் காட்சியாகக் கொள்வது, எதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுவது என்ற தேர்வுதான் மாறியது. காலின்ஸ் உள்ளே சேர்த்த சுரங்கத்தை ரிவியெரா விளம்பரம் வெளியே தள்ளியது. பயணிகள் நடக்கும் கரையோரப் பாதையும் கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடலோரக் காவலர் ரோந்து போன தடமே. கார்ன்வால் பகுதியில் அது பொது நடைபாதையாக 1973இல் திறக்கப்பட்டது.

இரண்டாவது மறுப்பு, ரயிலே முழுக் காரணம் என்பது. பாலம் திறந்ததற்கும் ரிவியெரா எக்ஸ்பிரசுக்கும் இடையே 45 ஆண்டுகள் உள்ளன. ரயில் வழியைத் திறந்தது. அவ்வழியில் விடுமுறைப் பயணிகளைக் கொண்டுவர வேண்டிய கட்டாயத்தைத் தந்தது வீழ்ச்சி.

மூன்றாவது மறுப்பே வலுவானது. சுற்றுலா இல்லாவிட்டால் இவ்வூர்கள் அழிந்திருக்கும் அல்லவா? ஆம், அது பலருக்குச் சோறு போட்டது. செயின்ட் ஐவ்ஸில் பழைய எரிவாயு ஆலை இருந்த இடத்தில் 1993இல் டேட் கலைக்கூடமும், போடெல்வாவின் களிமண் குழியில் 2001இல் ஈடன் தோட்டமும் திறக்கப்பட்டு நன்மை செய்தன. ஆனால் விலையும் கொடுக்க நேர்ந்தது. வேலை பருவத்தோடு முடிகிறது. ஆண்டில் சில வாரம் மட்டும் திறக்கும் வெளியூரார் வீடுகளால் விலை ஏறி, உள்ளூர் இளைஞருக்கு வீடு எட்டாக்கனியாகிறது. 2016 மே மாதம் செயின்ட் ஐவ்ஸ் மக்கள் வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு தெரிவித்து, புதிய வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்ற திட்டத்தை ஏற்றனர். அதே ஆண்டு உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அழகை விற்றுப் பிழைக்கும் ஊர் அந்த அழகுக்குள்ளேயே குடியிருக்க முடியாமல் போவதை அம்மக்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

முடிவுரை

1998இல் சௌத் கிராஃப்டி சுரங்கம் மூடப்பட்டதோடு நூற்றாண்டுகள் நீண்ட வெள்ளீயச் சுரங்க மரபு நின்றது. எட்டு ஆண்டுகளில், 2006இல், கார்ன்வால் மற்றும் மேற்கு டெவனின் சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்ட தொழில் இவ்வாறு முறைப்படி உள்ளே திரும்பியது. எனினும், பாழடைந்த எஞ்சின் கூடத்தைத் தொன்மைக் காட்சியாக மட்டும் பார்த்தால், அந்த அறிவிப்பும் பழைய விளம்பரத்தின் தொடர்ச்சியாகிவிடும். கார்ன்வாலுக்குச் செல்லும் வாசகர்கள் செயின்ட் ஐவ்ஸ் கடற்கரையோடு நின்றுவிடாமல் பொட்டாலக்குக்கும் செல்ல வேண்டும். அங்கே உழைத்தவர்கள் யார், ஏன் போனார்கள், எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும். அக்கேள்விக்கான விடைகளில் ஒன்று கோலார் என்பதால், தமிழ் வாசகருக்கு அந்தக் கடமை கூடுதலாகவே உண்டு.