கடலெல்லைச் சுங்கமும் தரைவழி நெல்லும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையில், நிலாவெளிக்கு வடக்கே, களப்பு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் இறக்கக்கண்டி. ஒருபுறம் கடல், உட்புறத்தே நெல்விளையும் நிலம். பண்டங்களைச் சோதிக்கும் அரசின் அதிகாரம் கடலோடு நிற்பதா, தரையினுள்ளும் நுழைவதா என்னும் வினாவை ஆராய்வதற்கு இத்தகையதோர் ஊர் பொருத்தமான நிலைக்களமாகும்.

ஈழத்துச் சுங்க வரலாற்றில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்ச் சாசனம் தனிச்சிறப்புடையது. பரதேசி வணிகர் ஊராத்துறையிலேயே வந்திறங்க வேண்டும் என அது விதித்தது. யானை, குதிரை கொணரும் மரக்கலங்கள் உடையின் காற்பங்கும், வாணிபச் சரக்குக் கலங்கள் உடையின் அரைப்பங்கும் பண்டாரத்துக்கு உரியனவாயின. துறையும் பங்கும் முன்னரே அறிவிக்கப்பட்டமையே ஈண்டுக் கருதத்தக்கது.

1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் சோதனை, பறிமுதல், மும்மடங்குத் தண்டம் ஆகிய கடும் அதிகாரங்களை வழங்கியது. எனினும், கைப்பற்றப்பட்ட பொருளுக்கு உரிமை கோர உடையவருக்கு ஒரு மாத அவகாசம் அளித்தது.

மானியம் இந்நிலையை மாற்றியது. 1942இல் பர்மா அரிசி நின்றதும் பங்கீடு வந்தது. பின்னர் உத்தரவாத விலைத் திட்டம் வந்தது. அரசு விலை தாங்கும் பண்டம் இலாபம் மிகுந்த இடத்தை நாடி நழுவும். ஆகவே காவல் பெருகும். ஐரோப்பியப் பொருளாதார சமூகமும் ஏற்றுமதி மானியம் பெறும் விளைபொருள்களுள் குறைந்தது 5 வீதத்தை நேரிற் சோதிக்குமாறு 1990இல் சுங்கத்தைப் பணித்தது. ஆயின், அச்சோதனை ஏற்றுமதி வாயிலில் மானியம் பெறுவோர்மீதே நிகழ்ந்தது.

ஈழத்திலோ 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. 1973இன் உலக உணவு நெருக்கடியை அடுத்து நெல், அரிசி ஆகியவற்றின் போக்குவரத்துக் கட்டுப்பாடு இறுகியது. வீதித் தடைகளில் பேருந்துப் பயணிகளின் பைகளும் துழாவப்பட்டன. உழுதவன் தன் உறவினருக்குக் கொண்டுசென்ற அரிசியே கடத்தற் பொருளாயிற்று! 1977இல் ஆட்சி மாறியபின் அத்தடைகள் நீங்கின.

பஞ்ச காலத்தில் உணவைப் பங்கிடுதல் அரசின் கடன் என்பதை எவரும் மறுக்கார். ஆனால், துறைமுகத்திற் பெருவணிகனுக்கிருந்த முன்னறிவிப்பும் முறையீடும் வீதியில் உழவனுக்கு எட்டவில்லை. எல்லையைக் கடலிலிருந்து வயலுக்கு நகர்த்தும் அரசு, எல்லைக்குரிய நீதியையும் உடன்கொண்டு வருதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.