கானமயில்: கூண்டில் வளர்த்து வெளியில் விடும் முயற்சி

கானமயில் வறண்ட புல்வெளிப் பறவை. பெயரில் மயில் இருக்கிறதே தவிர, மயிலுக்கும் இதற்கும் உறவில்லை. ஆண் பறவை ஒரு மீட்டர் உயரம் நிற்கும். 15 கிலோவரை எடை இருக்கும். முன்பு தமிழ்நாடு உட்பட 11 மாநிலங்களில் திரிந்தது. இன்று தமிழ்நாட்டில் இல்லை. இந்தியக் காடுகளில் எஞ்சியவை சுமார் 150தான், அவற்றில் பெரும்பகுதி ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கம். தேசியப் பறவை எது என்ற பேச்சு எழுந்தபோது பறவையியலாளர் சலீம் அலி கானமயிலுக்காக வாதாடினார். 1963இல் மயில் வென்றது.

பெட்டை வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். நாயோ நரியோ காகமோ அதைக் கண்டுவிட்டால் அந்தப் பருவம் வீண். ஆகவே 2019இல் இந்திய வனவுயிர் நிறுவனமும் ராஜஸ்தான் வனத்துறையும் காட்டிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து, சம் என்ற ஊரில் பொரிப்பான்களில் வைத்துக் குஞ்சு பொரித்தன. பின்னர் ராம்தேவ்ராவிலும் ஒரு மையம் அமைந்தது. முட்டையிலிருந்து மனிதக் கையில் வளர்ந்த பறவைகள் 2023இல் தாமே இணைசேர்ந்தன. அடுத்து செயற்கைக் கருவூட்டல்: பொம்மைப் பெட்டையோடு பழக்கிய ஆணிடம் விந்து சேகரித்து, இன்னொரு மையத்திலிருந்த பெட்டைக்குச் செலுத்தினார்கள். 2024 அக்டோபரில் குஞ்சு பிறந்தது.

கூண்டில் பெருக்குவது பாதி வேலை. கலிபோர்னியக் காண்டர் கழுகில் 1987இல் காட்டில் மிஞ்சியதையும் பிடித்து, மொத்தம் 27ஐயும் கூண்டில் வளர்த்தார்கள். 1992 முதல் வெளியில் விட்டார்கள். இனம் பிழைத்தது. ஆனால் வேட்டைக்காரர் விட்டுப்போகும் இரையிலுள்ள ஈயக் குண்டுச் சிதறல் இன்றும் அவற்றைக் கொல்கிறது.

கானமயிலுக்கு அந்த ஈயத்தின் இடத்தில் இருப்பது மின்கம்பி. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறுகல். கனத்த உடம்பு சட்டென்று விலகாது. உயரழுத்தக் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்க 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் அதைத் தளர்த்தியது.

தமிழ்நாட்டில் மீண்டும் விட முடியுமா? தென்பகுதியின் திருச்சுழி, அருப்புக்கோட்டை மானாவாரிக் காடுகளைப் பார்த்தால் கானமயிலுக்கென்றே விரித்த தரைபோலத் தோன்றும். கிட்டே போனால் கதை வேறு. நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரிகிற வெட்டவெளி இப்பறவைக்கு வேண்டும். இங்கோ தரிசிலும் கண்மாயிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கரிமூட்டத்துக்கு வெட்டினாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். தென்கிழக்கே கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் எழுந்தது. அதன் மின்சாரமும் உயரழுத்தக் கம்பி வழியேதான் போகிறது.