ஒரே வீட்டில் இரண்டு நம்பிக்கை: புதுச்சேரி நைனியப்பர் குடும்பத்தின் கதை

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி. இந்தக் கரையோர ஊர்களில் கோவிலும் சர்ச்சும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இன்று யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் சர்ச்சுக்கும் தம்பி கோவிலுக்கும் போவதும் அப்படித்தான். ஆனால் 300 வருடங்களுக்கு முன்பு இங்கே ஒரு குடும்பம் "கிறிஸ்தவன் ஆவதா, வேண்டாமா?" என்ற கேள்விக்குப் பெரிய விலை கொடுத்தது. அப்பா ஆகவில்லை, சிறையில் செத்தார். மகன் ஆனார், பட்டம் வாங்கினார். மருமகன் முறையில் வந்தவர் ஆகவில்லை, பதவிக்காகக் காத்திருந்தார். யார் செய்தது சரி?

முதலில் அந்தப் பதவி என்ன என்று தெரிய வேண்டும். பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தமிழ் தெரியாது. நெசவாளர்களுக்கும் வணிகர்களுக்கும் பிரெஞ்சு தெரியாது. நடுவில் நின்று பேசி, பேரம் முடித்து, சரக்கு வாங்கிக் கொடுப்பவர்தான் துபாஷி. தலைமைத் துபாஷி என்றால் ஊரிலேயே செல்வாக்கு மிக்க தமிழர். அந்த நாற்காலியில் ஒரு கிறிஸ்தவர்தான் உட்கார வேண்டும் என்பது புதுச்சேரியில் இருந்த சேசு சபைப் பாதிரிமார்களின் விருப்பம். நைனியப்பருக்கு முன்னால் இருந்தவரும் கிறிஸ்தவர்தான். ஆனால் 1708இல் கவர்னர் எபேர், இந்துவான நைனியப்ப பிள்ளையை நியமித்தார்.

பாதிரிமார்கள் விடவில்லை. ஒன்று அவர் மதம் மாற வேண்டும், இல்லை பதவியை விட வேண்டும் என்று வருடக்கணக்கில் நெருக்கினார்கள். நைனியப்பர் இரண்டையும் செய்யவில்லை. முதல் தடவை கவர்னராக இருந்தபோது அவருக்குத் துணை நின்ற எபேர், பதவி போய் 1715இல் திரும்பி வந்தபோது பாதிரிமார்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். இந்துக்களின் வழிபாட்டுக்குப் போடப்பட்ட தடைகளை எதிர்த்து அந்த வருடம் மக்கள் ஊரை விட்டே வெளியேறினார்கள். அதைத் தூண்டிவிட்டவர் நைனியப்பர் என்பது குற்றச்சாட்டு.

1716 பிப்ரவரியில் கைது. விசாரணையில் மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? சேசு சபை உபதேசியாரின் மகன்! தனக்கு வாசிக்கத் தெரியாத பிரெஞ்சுக் காகிதங்களில் நைனியப்பர் தமிழில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஊரறிய 50 கசையடி, 3 வருடச் சிறை, அபராதம், சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பு வந்தது. 1717இல் அவர் சிறையிலேயே இறந்துபோனார்.

அவருடைய மகன்களில் மூத்தவர் குருவப்ப பிள்ளை. அப்பாவின் பெயரைக் காப்பாற்ற அவர் கப்பலேறி பிரான்ஸ் போனார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சேசு சபையோடு போட்டியில் இருந்த இன்னொரு கத்தோலிக்கக் குழுவான பாரீஸ் வெளிநாட்டு மிஷன் பாதிரியார்கள் இந்தக் குடும்பத்துக்கு ஆதரவாக நின்றார்கள். ஒரே திருச்சபை, அதில் ஒரு பக்கம் அப்பாவைச் சிறைக்கு அனுப்பியது, மறுபக்கம் மகனுக்குக் கை கொடுத்தது. 1720இல் தீர்ப்பு ரத்தானது. நைனியப்பர் குற்றமற்றவர்! அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அதே 1720இல் குருவப்பர் பாரீஸில் ஞானஸ்நானம் பெற்றார். சிறுவன் 15ஆம் லூயிக்குப் பதிலாக ஆட்சி நடத்திய ஓர்லியான் கோமகன் பிலிப்தான் ஞானத்தந்தை. சார்ல் பிலிப் லூயி குருவப்பா என்று புதுப் பெயர். அடுத்து செவாலியே பட்டம். 1722இல் புதுச்சேரியில் தலைமைத் துபாஷி. அப்பா எதை மறுத்து எல்லாவற்றையும் இழந்தாரோ, அதைச் செய்து மகன் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்.

இது விசுவாசமா, வியூகமா?

வியூகம் என்பவர்களுக்குக் காரணம் இருக்கிறது. அப்பா மாறியிருந்தால் அவர் மேல் வழக்கே வந்திருக்காது என்பது மகனுக்குத் தெரியும். பட்டமும் பதவியும் ஞானஸ்நானத்துக்குப் பின்னாலேயே வந்தன. விசுவாசம் என்பவர்களுக்கும் காரணம் உண்டு. அப்பாவைத் துன்புறுத்திய பாதிரிமார்களிடம் அவர் தலைகுனியவில்லை. பிரான்ஸில் அவர் பார்த்த திருச்சபை வேறு. தனக்கு நீதி கிடைக்க உதவியவர்களின் கடவுள் மேல் ஒருவனுக்கு நம்பிக்கை வரக் கூடாதா? ஞானத்தந்தையான கோமகனின் வம்சத்தையே பாருங்கள். அவருடைய கொள்ளுத்தாத்தா நான்காம் ஹென்றி, சீர்திருத்தக் கிறிஸ்தவராக இருந்து 1593இல் கத்தோலிக்கர் ஆன பிறகுதான் பிரான்ஸ் அவரை முழு மனதோடு அரசராக ஏற்றது. அவர் மனதில் என்ன இருந்தது என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

குருவப்பர் 1724இல் இறந்தார். பதவி இந்த வீட்டை விட்டுப் போனது. அடுத்து வந்தவர் கிறிஸ்தவரான கனகராய முதலியார். நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன்தான் நாட்குறிப்பு எழுதிய புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் எழுதத் தொடங்கிய அவர், கனகராயரை அருகிலிருந்து கூர்மையாகக் கவனித்தார்.

1745இல் கனகராயர் ஒழுகரையில் தேவாலயம் கட்டி எல்லாச் சாதியாருக்கும் விருந்து வைத்தார். இந்துக்களுக்கு ஆசாரப்படி தனிச் சமையல். இது கிறிஸ்தவ முறையாகவும் இல்லை, இந்து முறையாகவும் இல்லை என்பது ஆனந்தரங்கரின் குறை. அதே வருடம் சம்பா கோவிலுக்குள் சாதியாரையும் பறையரையும் பிரித்து நின்ற சுவரை இடிக்கச் சொன்னார் ஒரு பாதிரியார். சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1746இல் கனகராயர் இறந்ததும் அவருடைய மனைவிக்கும் தம்பிக்கும் சொத்துத் தகராறு வந்தது. அது தமிழ் வழக்கப்படி ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போனது. ஞானஸ்நானம் ஒரு மனிதனில் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை? ரோமாபுரியிலும் இதே விவாதம்தான். தாலியில் பிள்ளையார் உருவம் இருக்கலாமா என்பதற்கு 1704இல் புதுச்சேரியிலேயே போப்பாண்டவரின் தூதர் துர்னோன் தடை ஆணை போட்டார். அந்த வழக்கு முடிய 1744 ஆனது.

ஆனந்தரங்கருக்கும் அதே சோதனை வந்தது. கனகராயருக்குப் பிறகு அவரே தகுதியானவர் என்று கவர்னர் துய்ப்ளேக்குத் தெரியும். தலைமைத் துபாஷி கிறிஸ்தவராகவே இருக்க வேண்டும் என்று பாதிரிமார்கள் எதிர்த்தார்கள். துய்ப்ளேயின் மனைவியும் அவர்கள் பக்கம். அவர் மாறவில்லை, காத்திருந்து பதவியைப் பெற்றார். 1748இல் வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டபோது அதைப் பார்த்து வேதனையோடு எழுதிவைத்தவரும் அவரே.

இந்த மூன்று பேரில் யாரையும் கோழை என்றோ வேஷதாரி என்றோ சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். பதவியை மதத்தோடு கட்டிவைத்தவர்கள் இரண்டு தரப்புக்கும் அநியாயம் செய்தார்கள். மறுத்தவரை ராஜத்துரோகி ஆக்கினார்கள். ஏற்றவருடைய விசுவாசம் நிஜமாகவே இருந்தாலும், அதை யாரும் நம்ப முடியாதபடி செய்துவிட்டார்கள். குருவப்பர் உண்மையிலேயே இயேசுவை நம்பியிருந்தால், அவருக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் அதுதான்.