அதிகம் ஓடிய பழைய சொகுசுக் கார்: கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

புதிதாக வந்தபோது இரண்டரை லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்ற பிஎம்டபிள்யூ 328ஐ, பத்து ஆண்டுகள் கழிந்ததும் ஒரு புதிய உள்நாட்டுக் காரின் விலைக்கு அருகில் இறங்கி வந்துவிடுகிறது. 245 குதிரைத்திறன், 5.9 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகம், தோல் இருக்கை என எல்லாம் இருந்தும் மாதத் தவணை கையாளக்கூடியதாகத் தெரிகிறது. வேலை கிடைத்து மூன்று நான்கு ஆண்டுகளான இளைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

யோசிப்பதில் தவறில்லை. ஆனால் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அம்மாவோ அண்ணனோதான். முன்பணம் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். கணக்கு பிசகினால் முழுக் குடும்பமும் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே காரைப் பார்க்கப் போகும் முன்பே சில விவரங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

விலை இறங்கும், பராமரிப்புச் செலவு இறங்காது

பழைய சொகுசுக் காரின் விற்பனை விலை ஆண்டுக்கு ஆண்டு குறையும். அதன் உதிரிப் பாகங்களின் விலை அப்படிக் குறைவதில்லை. அறுபதாயிரம் ரிங்கிட்டுக்கு வாங்கினாலும், பழுது வரும்போது அது இரண்டரை லட்சம் ரிங்கிட் காராகத்தான் செலவு கேட்கும். யானையை மலிவாக வாங்கிவிடலாம், தீனிதான் கட்டுப்படியாகாது என்று பெரியவர்கள் சொல்வது இதற்குப் பொருந்தும்.

இதனால்தான் கையில் உள்ள பணம் முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பழுதுபார்ப்புக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். அறுபதாயிரம் ரிங்கிட் கார் என்றால் பன்னிரண்டாயிரம். அந்தத் தொகை இல்லையென்றால் அந்தக் கார் இன்னும் கைக்கு எட்டவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சாலை வரியைப் பார்த்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்

தீபகற்ப மலேசியாவில் தனியார் காரின் சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,600 சிசி வரையிலான கார்களுக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட்டைத் தாண்டாது. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 2,500 சிசியைக் கடந்ததும் தாவி ஏறுகிறது.

328ஐ காரின் இயந்திரம் 1,997 சிசி என்பதால் ஆண்டு வரி 378.50 ரிங்கிட். அதே வரிசையில் சற்றுப் பழைய 335ஐ காரின் இயந்திரம் 2,979 சிசி. அதற்கு 2,077.50 ரிங்கிட். 3,498 சிசி கொண்ட பழைய மெர்சிடிஸ் இ350 என்றால் 4,371 ரிங்கிட். பெரிய இயந்திரமுள்ள பழைய கார்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இந்த வரியும் ஒரு காரணம். விற்பவர் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார். வாங்குபவர்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

தவணையின் உண்மைச் சுமை

தவணைக் கொள்முதல் சட்டப்படி விலையில் குறைந்தது பத்து விழுக்காடு முன்பணம் கட்ட வேண்டும். அறுபதாயிரம் ரிங்கிட் காருக்கு ஆறாயிரம் கட்டி, மீதி 54,000 ரிங்கிட்டை ஐந்து ஆண்டுக் கடனாக எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தட்டை வட்டி 4.5 விழுக்காடு என்றால் மொத்த வட்டி 12,150 ரிங்கிட். மாதத் தவணை 1,102.50 ரிங்கிட். தட்டை வட்டியில், கட்டி முடித்த தொகைக்கும் சேர்த்தே கடைசி வரை வட்டி கணக்கிடப்படுகிறது. ஆகவே 4.5 என்று சொல்லப்படுவது உண்மையில் 8.3 விழுக்காட்டுக்கு அருகில் வரும்.

கையில் மாதம் 4,500 ரிங்கிட் வாங்கும் ஒருவர் இந்தத் தவணையோடு பழுதுபார்ப்புக்கு 500, பெட்ரோலுக்கு 500 என்று ஒதுக்கினால், காப்புறுதியைச் சேர்க்காமலே 2,102.50 ரிங்கிட் ஆகிறது. சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. வீட்டு வாடகையும் பெற்றோருக்கு அனுப்பும் பணமும் மீதியிலிருந்துதான் வரவேண்டும்.

அடுத்தடுத்து இரண்டு தவணைகள் தவறினால் வங்கி அறிவிக்கை அனுப்பலாம். 21 நாட்களுக்குப் பிறகு காரை இழுத்துச் செல்லும் நடவடிக்கை எடுக்கலாம். மொத்தத் தொகையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு தேவை. ஏலத்தில் கார் குறைந்த விலைக்குப் போனால், பாக்கிப் பணத்தைக் கடன் எடுத்தவரிடமும் ஜாமீன் போட்டவரிடமும் வங்கி கேட்கும். கார் போன பிறகும் கடன் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

கிலோமீட்டர் எண் மட்டும் போதாது

பத்து ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் ஆண்டுக்குப் பதினைந்தாயிரம். இது பயப்பட வேண்டிய எண் அல்ல. பெரும்பாலும் நெடுஞ்சாலையில் சீராக ஓடி, உரிய காலத்தில் எண்ணெய் மாற்றிய கார், நகர நெரிசலில் நின்று நின்று எண்பதாயிரம் ஓடிய காரைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

அதே வயதுள்ள கார் அறுபதாயிரம்தான் ஓடியது என்று காட்டினால் இரண்டு கேள்விகள் எழ வேண்டும். மீட்டர் திருத்தப்பட்டதா? அல்லது ஓடாமலேயே நின்று, இரப்பர் பாகங்கள் இறுகிப் போயினவா? ஸ்டியரிங் தோலும் பிரேக் மிதியும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் தேய்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு மின்னணுப் பெட்டிகளிலும் பதிவாகும். தகுந்த கருவி உள்ள பட்டறையில் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது பராமரிப்புப் பதிவு. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்தப் பட்டறையில் என்ன செய்யப்பட்டது என்ற ரசீதுகள் வரிசையாக இருந்தால், சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதும் நியாயமே. ரசீது எதுவும் இல்லாத மலிவான கார் பின்னர் அந்த வித்தியாசத்தை வசூலித்துவிடும்.

328ஐ காரில் பார்க்க வேண்டிய இடங்கள்

2012 முதல் வந்த இந்தக் காரின் என்20 இயந்திரத்தில், டைமிங் சங்கிலியை வழிநடத்தும் பிளாஸ்டிக் துண்டுகள் நொறுங்குவது தெரிந்த குறை. சங்கிலி அறுந்தால் இயந்திரமே பாழாகிவிடும். இரவு முழுதும் நின்ற காரைக் காலையில் முதல்முறையாக இயக்கும்போது ஊளையிடுவதுபோன்ற ஒலி கேட்டால் கவனம் தேவை. விற்பவர் காரை முன்னதாகவே சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்தக் காரின் நீர் பம்ப் மின்சாரத்தில் இயங்குகிறது. பெரும்பாலும் முன்னெச்சரிக்கை இல்லாமல் நின்றுவிடும். மீட்டரில் வெப்ப எச்சரிக்கை வந்த பிறகும் வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைத்தால் இயந்திரம் சேதமாகும். எண்ணெய் வடிகட்டி பொருத்தப்பட்ட இடத்திலும் வால்வு மூடியிலும் இரப்பர் இறுகி எண்ணெய் கசிவது வழக்கம். நம் நாட்டு வெப்பமும் நெரிசலும் இவற்றை விரைவுபடுத்துகின்றன.

கியர் பெட்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டியதே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அதைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், எண்ணெய் மாற்றப் பரிந்துரைக்கிறது. ஒன்றரை லட்சம் ஓடிய காரில் இது மாற்றப்பட்டதா என்று கேட்பது முக்கியம்.

தோட்டத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. இந்த வகைக் கார்கள் பலவற்றில் காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர் இருக்கும், மாற்று டயர் இருக்காது. செம்மண் சாலைக் குழிகளில் மெல்லிய டயரும் அலுமினிய ரிம்மும் எளிதில் அடிபடும். கார் நின்றுவிட்டால், அதைப் பார்க்கத் தெரிந்த பட்டறை ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்கலாம். இழுவை லாரிச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உட்பட கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தபோது ஏராளமான கார்கள் மூழ்கின. வெள்ளத்தில் மூழ்கிய கார் துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம்.

இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை தெரியலாம். இருக்கையின் கீழ் உள்ள கம்பிகளில் துரு, விரிப்பின் அடியில் ஈரம், உள்ளே வாசனைத் திரவியத்தின் அளவுக்கு மீறிய மணம் ஆகியவை அறிகுறிகள். 328ஐ காரில் மின்கலம் பின்புறப் பெட்டியில் இருக்கிறது. அந்த மூடியைத் திறந்து மண்ணோ துருவோ உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

புஸ்பகோம் அறிக்கை எதைச் சொல்லாது

புஸ்பகோம் தேர்ச்சி பெற்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று விற்பவர் சொல்வதுண்டு. உரிமை மாற்றப் பரிசோதனை முக்கியமாகக் காரின் அடையாளத்தையும் சட்டத் தகுதியையும் பார்க்கிறது. சேசி எண், இயந்திர எண், கண்ணாடி நிறம், அனுமதியற்ற மாற்றங்கள் போன்றவை அதில் அடங்கும். டைமிங் சங்கிலி எந்த நிலையில் இருக்கிறது, கியர் பெட்டி இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அந்த அறிக்கை சொல்லாது.

அதற்கு, விற்பவருக்குத் தெரிந்தவராக இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் சில நூறு ரிங்கிட் செலவழித்துக் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்வதே வழி. அதற்கு விற்பவர் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடலாம். கிராண்ட் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் உள்ள தயாரிப்பு ஆண்டும் பதிவு ஆண்டும் ஒன்றா என்பதையும் பார்க்க வேண்டும். ரீக்கண்டாக இறக்குமதியான காரில் இரண்டுக்கும் சில ஆண்டுகள் வித்தியாசம் இருக்கும்.

காப்புறுதியில் கவனிக்க வேண்டியவை

வெள்ளச் சேதம் சாதாரண முழுக் காப்புறுதியில் தானாக வராது. கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். பழைய காரில் விபத்துக்குப் பின் புதிய பாகம் போடும்போது, செலவில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க நேரிடும். பத்து ஆண்டு கடந்த காருக்கு இந்தப் பங்கு 40 விழுக்காடு வரை போகலாம். சொகுசுக் காரின் முன்விளக்கு ஒன்றின் விலையை நினைத்துப் பார்த்தால் இதன் சுமை புரியும். இந்தப் பங்கைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் பாதுகாப்பு கிடைக்குமா என்று முகவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

சம்போங் பாயார் வேண்டாம்

வங்கிக் கடன் கிடைக்காதவர்களைக் குறிவைத்து, சில ஆயிரம் ரிங்கிட் கொடுத்தால் போதும், மீதித் தவணையைக் கட்டிக்கொண்டே ஓட்டலாம் என்ற விளம்பரங்கள் வருகின்றன. சம்போங் பாயார் எனப்படும் இந்த முறையில் கார், கடன், காப்புறுதி மூன்றும் முதல் ஆளின் பெயரிலேயே இருக்கும். வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டினாலும் கார் அவருடையது ஆகாது. இடையில் இருப்பவர் பணத்தை வங்கியில் கட்டாவிட்டால் கார் இழுக்கப்படும்.

பெயரைக் கொடுத்தவருக்கும் ஆபத்து உண்டு. வங்கியின் அனுமதியின்றிக் காரைக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டப்படி குற்றமாகலாம். நண்பருக்காக, மச்சானுக்காக என்று பெயர் கொடுப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏமாந்தால் எங்கே போவது

வணிகரிடம் வாங்கிய காரில் மறைக்கப்பட்ட குறை இருந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். பதிவுக் கட்டணம் ஐந்து ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, பட்டறை அறிக்கை ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது உதவும். தனி ஆளிடம் வாங்கினால் இந்த மன்றத்துக்குப் போக முடியாது. விலை குறைவு என்பதற்காகத் தனி ஆளிடம் வாங்குபவர்கள் இதையும் எடைபோட வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்?

அன்றாடம் வேலைக்குப் போக வேறொரு வண்டி இருப்பவர், பழுதுபார்ப்புப் பணத்தைத் தனியே வைத்திருப்பவர், நம்பகமான பட்டறை அருகில் உள்ளவர், பதிவுகள் முழுமையாக உள்ள காரைக் கண்டுபிடித்தவர் ஆகியோர் அதிகம் ஓடிய சொகுசுக் காரை வாங்கி மகிழ்ச்சியாக ஓட்டலாம். அந்த ஓட்டத்தின் சுகம் உண்மையானது. உழைத்துச் சம்பாதித்த பணத்தில் அதை அனுபவிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது.

வீட்டில் இருக்கப் போகும் ஒரே வண்டி அதுதான் என்றாலோ, தவணையைக் கட்டக் கூடுதல் நேர வேலைப் பணத்தை நம்ப வேண்டியிருந்தாலோ, ஜாமீன் போடுபவர் ஓய்வுபெறும் வயதில் இருந்தாலோ, இப்போதைக்கு வேண்டாம் என்பதே சரியான முடிவு. ஓராண்டு காத்திருந்து அந்தத் தவணைத் தொகையை ஒவ்வொரு மாதமும் வங்கியில் போட்டு வரலாம். 1,102.50 ரிங்கிட் வீதம் பன்னிரண்டு மாதத்தில் 13,230 ரிங்கிட் சேரும். அதைச் சிரமமில்லாமல் சேர்க்க முடிந்தால் பழுதுபார்ப்பு நிதி கையில் இருக்கும், அதே கார் இன்னும் சற்று மலிவாகவும் கிடைக்கும். சேர்க்க முடியாமல் போனால், கடன் எடுக்கும் முன்பே விடை தெரிந்துவிடும்.