நேரு ஸ்டேடியத்தில் வென்ற பட்டம்

2018-19 ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தை வென்ற அணி சென்னை சிட்டி எப்.சி. என்று பதிவேடுகள் சொல்லும். பள்ளிக்கூட மைதானங்களில் விசில் ஊதியே தலை நரைத்த கோயமுத்தூர்க்காரன் நான். எனக்கு அது எங்கள் ஊர்ப் பட்டம். அந்த சீசனில் அவர்கள் சொந்த மைதானத்தில் ஆடவேண்டிய பத்து ஆட்டமும் இங்கே நேரு ஸ்டேடியத்தில்தான் நடந்தன.

சென்னையின் நேரு ஸ்டேடியம் அப்போது இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணியான சென்னையின் எப்.சி.யின் கோட்டை. சிட்டி 2017-18இல் கோவைக்குக் குடிவந்தது. முதல் வருசம் கடைசி வரிசைகளில் தப்பிப் பிழைத்ததோடு சரி. கூடைப்பந்துக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் பேர்போன ஊரில் அப்படிப்பட்ட அணிக்குக் கேலரி நிறைவது லேசா என்ன?

அடுத்த சீசனில் அணியே வேறு. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பந்தைக் கண்மூடித்தனமாகத் தூக்கி அடிக்காமல், பின்வரிசையிலிருந்தே காலுக்குக் கால் கொடுத்து மேலேற வைத்தார். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் என ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் முதுகெலும்பு. மான்சி மட்டும் 21 கோல். ஆனால் என் கண் அவர்களுக்குப் பக்கத்தில் ஓடிய எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித்குமார் மேல்தான் இருக்கும். நம் தமிழ்ப் பிள்ளைகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து, தலைநிமிர்ந்து பாஸ் கொடுத்ததைப் பார்க்க ஒரு வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்!

கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றதால், பட்டம் யாருக்கு என்பது கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது. 2019 மார்ச் 9. சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இங்கே எதிரணி நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப்; அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு மோதியது. மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டார். இடைவேளை வரை பதில் இல்லை. 56ஆம் நிமிடம் பெனால்டியில் மான்சி சமன் செய்தார். பிறகு அசாம் பையன் கௌரவ் போரா 69இல் ஒன்று, கூடுதல் நேரத்தில் இன்னொன்று. தடுப்பாட்டக்காரன் போட்ட இரண்டு கோல்! கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் 2-1 என்று ஜெயித்துவிட்டது. ஆகவே நாம் சமனில் முடித்திருந்தால்கூடப் பட்டம் கொல்கத்தாவுக்குத்தான். 43க்கு 42. 1996இல் தொடங்கிய தேசிய லீக் வரலாற்றில் தமிழ்நாட்டு அணி ஒன்று பட்டம் வென்றது அதுவே முதல்முறை.

அவ்வளவு சாதித்தும் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் வழி அவர்களுக்குத் திறக்கவில்லை. ஐ-லீக் சாம்பியனுக்கு அந்த ஏற்றம் அப்போது விதியிலேயே கிடையாது. ஜெயித்தவனை மேலே ஏற்றாத போட்டியை எந்தப் பள்ளிப் பிள்ளையிடமும் என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றார்கள். மான்சி ஜப்பான் போனார். ரொமாரியோவைக் கோவா எடுத்தது, அஜித்தைப் பெங்களூரு, வான்ஸ்பாலைச் சென்னையின் எப்.சி. மேலே ஏற வழியில்லாத அணியிலிருந்து ஆட்டக்காரர்கள் மட்டும் ஒவ்வொருவராக மேலே போனார்கள். 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை.