செவிப்புலன் கருவி: கடைக்குப் போக முன்

காத்தான்குடியில் முன் ஸஃப்பில் இருந்தும் குத்பா விளங்காத முதியவர்கள் இருக்கிறார்கள். என் வாப்பாவும் ஒருவர். தனியார் நிலையமொன்றில் ஒரு காதுக்கே இலட்சத்துக்கு மேல் சொன்னார்கள். "எனக்குத் தேவையில்ல மகன்" என்று எழும்பிவிட்டார்.

பிறகுதான் விசாரித்தேன். முதலில் போக வேண்டியது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டை கிளினிக். சிலருக்குக் காதுக் குறும்பியை எடுத்தாலே போதும். கருவிதான் வேண்டுமென்றால், பரிசோதனை அறிக்கையோடு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். உதவிக் கருவிகளுக்கு அவர் வழியாக விண்ணப்பிக்கலாம்; பொறுமை வேண்டும்.

ஒன்லைனில் சில ஆயிரத்துக்கு வரும் ஒலிபெருக்கிகளில் ஏமாறாதீர்கள். அவை மின்விசிறிச் சத்தத்தையும் பேச்சையும் ஒன்றாகவே கூட்டும். அமெரிக்கா 2022 முதல் மருத்துவச் சீட்டின்றி விற்க அனுமதித்த கருவிகள் வேறு வகை. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அவற்றைக் கொண்டுவரலாம். ஆனால் கடும் குறைபாட்டுக்கும் சிறுவர்களுக்கும் அவை பொருந்தா.

நமது ஸகாத் குழுக்கள் தையல் இயந்திரமும், வாவி மீனவருக்கு வலையும் கொடுக்கின்றன. ஏழை முதியவருக்கு இதையும் கொடுக்கலாமே! பட்டரிச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். சிறிய பட்டரி ஒன்று ஒரு வாரம், பத்து நாள்தான் தாங்கும். பட்டரி வாங்க வழியின்றி லாச்சியில் கிடக்கும் கருவிகளைப் பார்த்திருக்கிறேன்.