பால் கிரேட்டுக்குள் போன கிராபிக்ஸ் கார்டுகள்

கணினிக்குப் பெட்டி எதற்கு? தூசி படியாமல் இருக்க, கை படாமல் இருக்க, மேசை மேல் பார்க்க நன்றாக இருக்க. 2011-ல் அமெரிக்காவில் பலர் இந்த மூன்றும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, பால் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுக்குள் கணினியைப் பிரித்துப் போட்டார்கள். காரணம் ஒன்றுதான். சூடு!

கதை 2009 ஜனவரியில் தொடங்குகிறது. அப்போதுதான் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதியவர் பிட்காயின் வலையமைப்பை இயக்கிவிட்டார். ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு புதிர். எந்தக் கணினி முதலில் விடை காண்கிறதோ, அதற்கு 50 காயின். இதற்குத்தான் மைனிங் என்று பெயர். ஒரு பிராசசருக்கு ஒரு ஓட்டு என்பது அவருடைய கட்டுரையில் இருந்த கணக்கு. அதாவது வீட்டில் சும்மா கிடக்கும் சாதாரணக் கணினியும் போட்டியில் இருக்கலாம்.

கிராபிக்ஸ் கார்டு வந்தால் இந்தக் கணக்கு உடையும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. 2009 டிசம்பரில், முடிந்தவரை அதைத் தள்ளிப்போட ஒரு கனவான் ஒப்பந்தம் வைத்துக்கொள்வோம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டால் நிற்கிற காரியமா இது? ஐந்து மாதம் தாங்கியது. 2010 மே மாதம் லாஸ்லோ ஹன்யெக்ஸ் என்ற புளோரிடா புரோகிராமர் கிராபிக்ஸ் கார்டில் மைனிங் செய்யும் வழியை வெளியிட்டார். (10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கியவரும் இவரேதான். அதுவும் அதே மாதம்!)

புதிர் என்றால் பெரிய மூளை வேலை இல்லை. ஒரே சின்னக் கணக்கை எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. பிராசசர் ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி, கெட்டிக்காரர், ஆனால் ஒருவர். ஏஎம்டியின் ரேடியான் எச்டி 5870 கார்டில் 1600 சின்னக் கணக்கிடும் அலகுகள். 1600 பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. நல்ல பிராசசர் விநாடிக்கு ஒன்றிரண்டு கோடி முறை முயன்றால், இந்தக் கார்டு சுமார் 40 கோடி முறை முயன்றது.

2011 தொடக்கத்தில் ஒரு டாலர்கூடப் பெறாத காயின் ஜூனில் 30 டாலரைத் தாண்டியது. ஒரு கார்டு போதவில்லை. மூன்று, நான்கு என்று போட ஆரம்பித்தார்கள். அங்கேதான் சிக்கல். 5870 முழுவேகத்தில் 188 வாட் தின்னும். இரட்டைச் சில்லு 5970 என்றால் 294 வாட். பெட்டிக்குள் இவற்றை அடுத்தடுத்துச் செருகினால் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. ஒரு கார்டின் விசிறி பக்கத்துக் கார்டின் சூட்டைத்தான் இழுக்கும். ராத்திரி பகலாக ஓடும் எந்திரம் இப்படி எத்தனை நாள் தாங்கும்?

அமெரிக்கப் பால் கிரேட் நம்மூர் பால் பாக்கெட் ட்ரேயைவிட ஆழமானது. ஏறக்குறைய ஓர் அடிச் சதுரம், நாலு பக்கமும் ஓட்டை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம், விலையும் சொற்பம். அடியில் மதர்போர்டு. மேல் விளிம்பில் குறுக்காக ஒரு மரச்சட்டம். அதில் கார்டுகளைத் திருகி, இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டு நிறுத்தினார்கள். ஸ்லாட்டுக்கும் கார்டுக்கும் நடுவே ரைசர் எனப்படும் ரிப்பன் கேபிள். எதிரே ஒரு பெரிய மின்விசிறி. அவ்வளவுதான் ரிக்!

மைனிங்கில் கார்டுக்குப் போய்வரும் தகவல் மிகக் கொஞ்சம். அதனால் மதர்போர்டில் இருக்கும் மிகச் சின்ன ஸ்லாட்டே போதும். நீளக் கார்டு அதில் நுழையாது என்பதால் சிலர் ஸ்லாட்டின் ஓரத்தையே கத்தியால் அறுத்தார்கள். மற்றதெல்லாம் சிக்கனம்தான். மலிவான பிராசசர், ஹார்டு டிஸ்குக்குப் பதில் பென் டிரைவ். மானிட்டர் இல்லாத கார்டை விண்டோஸ் எழுப்பாது என்பதால், மூன்று ரெசிஸ்டர்களை வீடியோ பின்னில் செருகி மானிட்டர் இருப்பதாக ஏமாற்றினார்கள்.

ஏமாற்ற முடியாதது மின்சாரம். ஒரு கார்டு ஸ்லாட் வழியாக மட்டுமே 75 வாட் வரை இழுக்கலாம். நாலைந்து கார்டு சேர்ந்து இழுத்தபோது மெல்லிய ரிப்பனும், மதர்போர்டின் 24 பின் இணைப்பும் கருகின. கீழே மரம், பிளாஸ்டிக், மூடி கிடையாது, வீட்டில் குழந்தைகள் வேறு. பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் இழுத்து ரைசரில் பற்றவைப்பது ஒருவர் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்ட வித்தை. பிறகு அதுவே கடைச் சரக்கானது. யுஎஸ்பி கேபிள் போட்ட ரைசர் அதன் அடுத்த பிறவி. அதில் யுஎஸ்பி வேலை எதுவும் நடப்பதில்லை, ஒயர் மட்டும்தான் இரவல்.

சாதாரணக் கணினிக்காரனைப் போட்டியிலிருந்து தள்ளியது இந்தக் கிரேட்தான். ஆனால் அதற்கும் ஆயுள் குறைவு. 2013 ஜனவரியில் அவலான் என்ற எந்திரம் வந்தது. மைனிங்குக்கென்றே செய்த சில்லு, விநாடிக்கு 6,000 கோடி முயற்சிக்கு மேல். நூற்றைம்பது 5870 கார்டுகளின் வேலையை ஒரே பெட்டி செய்தால் மரச்சட்டத்துக்கு என்ன மதிப்பு?

மறுபிறவி தந்தது எதீரியம். 2015 ஜூலை 30 அன்று தொடங்கிய அதன் புதிர் நிறைய நினைவகம் கேட்கும்படி அமைக்கப்பட்டது. தனிச் சில்லு செய்பவர்களுக்கு அது எளிதில் பிடிபடக்கூடாது என்பதே நோக்கம். கிரேட் போய் அலுமினியச் சட்டம் வந்தது, ஆறு எட்டு கார்டுகள் வரிசையாக நின்றன. 2017-ல் ஏசஸ் நிறுவனம் 19 கார்டு மாட்டும் மதர்போர்டே விற்றது. விளையாட்டுக்குக் கார்டு கேட்டு வந்த பையன்கள் கடையில் வெறுங்கையோடு திரும்பினார்கள். 2021-ல் என்விடியா தன் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பூட்டியது. அடுத்த மாதமே அதன் சொந்த டிரைவர் ஒன்று தவறுதலாகப் பூட்டைத் திறந்துவிட்டது!

2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் மைனிங்கையே கைவிட்டது. புதிர் இல்லை, பரிசும் இல்லை. கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் சந்தைக்குப் போயின. காலியான சட்டங்கள் சிலவற்றில் இப்போது வீட்டிலேயே மொழி மாதிரிகளை ஓட்டுபவர்கள் கார்டு மாட்டுகிறார்கள். அங்கே தகவல் போக்குவரத்து அதிகம் என்பதால் அந்த ஒல்லி ரைசர் உதவாது, அகலமான கேபிள்தான் வேண்டும். கார்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளி மட்டும் பழையபடி இருக்கிறது.